இல்லாத ஃபோல்டரைக் காட்டும் பட்டியல்

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை உள்ள கிளியரிங் அலுவலகங்களில் ஒவ்வொரு ஜாப்புக்கும் கணினியில் ஒரு ஃபோல்டர் போடுகிறோம். பெயரில் ஜாப் எண், பார்ட்டி பெயர், கண்டெய்னர் எண் இருக்கும். உள்ளே பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர், யார்டு ரசீது என எல்லாம் இருக்கும். சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என மூன்று பக்கத்துச் சரக்குக்கும் ஒரே அலுவலகம் வேலை பார்க்கும்போது ஃபோல்டர்கள் மளமளவென்று பெருகிவிடுகின்றன. சுங்கத் தரகர்களுக்கான 2018-ஆம் ஆண்டு உரிம விதிகள் இந்த ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. எல்லாம் இருக்கிறது என்ற நம்பிக்கையை எதை வைத்துச் சரிபார்ப்பது? மாதம் ஒருமுறை ஃபோல்டர் பெயர்களை மட்டும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எடுத்துவைத்தால் போதும், சரிபார்க்க ஒரு வழி கிடைத்துவிடும். இதை ஓய்வு நேர வேலையாக விட்டுவிடக் கூடாது, ஜாப் ரிஜிஸ்டருக்குச் சமமான பதிவாக நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செய்வது எளிது. விண்டோஸில் ஃபோல்டர்கள் இருக்கும் இடத்தைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் டிஐஆர், ஸ்லாஷ் ஏடி, ஸ்லாஷ் பி என்று அடித்து, கிரேட்டர் தேன் குறி போட்டு, கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்தால் வேலை முடிந்தது. ஏடி என்பது ஃபோல்டர்களை மட்டும் எடுக்கும். பி என்பது தேதி, நேரமெல்லாம் இல்லாமல் வெறும் பெயரைத் தரும். பார்ட்டி பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. அப்படியே எடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக விழும். முதலில் சிஎச்சிபி 65001 என்று அடித்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு எடுக்க வேண்டும். வரிசையும் மாறும். எக்ஸ்புளோரர் 1, 2, 10 என்று அடுக்கும். இந்தப் பட்டியலில் 1, 10, 2 என்று வரும். ஜாப் எண்ணை 0001 என்று நான்கு இலக்கத்தில் எழுதும் அலுவலகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் அதன் அருமை தெரியும். எக்ஸெலில் ஒட்டி ஜாப் ரிஜிஸ்டரின் எண்களோடு பொருத்தினால் எந்த ஜாப்புக்கு ஃபோல்டரே இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். கண்டெய்னர் எண்ணைத் தப்பாக அடித்திருந்தால் அதுவும் சிக்கும். கண்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் உரிய மதிப்பை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று போடுவார்கள். இதை விளக்க வழக்கமாகக் காட்டும் சிஎஸ்க்யூயு 305438 என்ற எண்ணுக்கு மீதி 3. அவசரத்தில் 304538 என்று மாற்றி அடித்தால் மீதி 1 வரும், ஆனால் பெயரின் கடைசியில் 3 நிற்கும். ஒரு சூத்திரத்தை எழுதிப் பட்டியல் முழுக்க இழுத்துவிட்டால் இப்படிப்பட்ட பிழைகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும். ஃபோல்டர்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொண்டிருந்தால் இதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

தேடல் பெட்டி இருக்கும்போது பட்டியல் எதற்கு என்று கேட்பார்கள். நாம் கேட்டதைத்தான் தேடல் தரும். கேட்க மறந்ததை அது சொல்லாது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் எல்லாம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். அங்கே இருப்பது நாம் தாக்கல் செய்தவை. யார்டு ரசீதும் எடைச் சீட்டும் பார்ட்டியோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் நம் ஃபோல்டரில்தான் கிடக்கின்றன. இன்று எடுத்த பட்டியல் நாளைக்கே பழசாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பழைய பட்டியல் இருந்தால்தான் சென்ற மாதம் இருந்த ஒரு பெயர் இந்த மாதம் காணாமல் போனதைக் கண்டுபிடிக்கலாம். கை தவறி ஒரு ஃபோல்டர் இன்னொன்றுக்குள் விழுந்துவிடுவது அடிக்கடி நடப்பதுதானே.

இதையெல்லாம்விட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெயர் இருந்தாலும் ஃபோல்டர் உள்ளே காலியாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஏடியை விட்டுவிட்டு ஸ்லாஷ் எஸ் சேர்த்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் முழுப் பாதையோடு வந்துவிடும். இரண்டு பட்டியலையும் எடுத்துவைப்பதே முறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. தரைத்தளத்தில் கணினி வைத்திருப்பவர்கள் பேக்கப் வைத்துக்கொள்வதோடு பட்டியலையும் தனியாக வெளியே அனுப்பிவைக்க வேண்டும். ஆயிரம் பெயர்கள் கொண்ட கோப்பு ஒரு சாதாரண போட்டோ அளவுகூட வராது. மெயிலில் நொடியில் போய்விடும். டிஸ்க் நனைந்து போனாலும் எந்த ஜாப்புக்கு எந்தப் பார்ட்டியிடம் நகல் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கோப்பை வைத்துத் தெரிந்துகொண்டு மறுநாளே வேலையை ஆரம்பித்துவிடலாம்.