சுகாதார நிர்வாகக் கல்விக்கு நாம் விண்ணப்பித்த வரலாறு

கல்லூரித் தாய் விழாக் கோலம் பூண்டு நிற்கும் இந்நாளில், மலர்க் குழுவினர் எம்மிடமும் ஒரு கட்டுரை கேட்டனர். மாணவர்க்குப் பயன்படுவதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. கல்லூரி நாட்களின் குறும்புகளைச் சுவைபட எழுத வல்லோர் பலர் உளர். ஆதலின் நாம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சுகாதார நிர்வாக முதுமாணிப் படிப்புக்கு இருமுறை விண்ணப்பித்து, முதன்முறை தோற்று, மறுமுறை தேறிய வரலாற்றைக் கூறத் துணிந்தோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்று வெளியேறிய நாம், வடபகுதி வைத்தியசாலையொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராய் அமர்ந்தோம். நோயைத் தீர்ப்பவர் வைத்தியர். நோயாளரையும் மருந்தையும் கட்டிலையும் உரிய வேளையில் ஓரிடத்திற் சேர்ப்பது நிர்வாகம். இவ்வுண்மையை அங்கேதான் கண்டோம். அதனை முறையாகக் கற்க விழைந்தபோது ஓர் இடர் எதிர்ப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் மருத்துவ நிர்வாக முதுமாணிப் படிப்பு, மருத்துவத் துறைப் பட்டம் பெற்றோர்க்கு உரியது. எமக்கோ அப்பட்டம் இல்லை. எனவே அமெரிக்காவை நோக்கினோம். 1934 ஆம் ஆண்டிலேயே சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிஸ் என்பார் இக்கல்வியைப் பட்டப்பின் படிப்பாகத் தொடக்கிவைத்த நாடு அது. 1847 இல் அங்கிருந்து வந்து, மானிப்பாயில் எம்மவர்க்குத் தமிழிலே மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீனை யாழ்ப்பாணத்தார் அறிவர். அவர் வந்த வழியே நாம் எதிர்த்திசையிற் செல்ல எண்ணினோம்.

விண்ணப்பிப்போர் முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். பொதுச் சுகாதார முதுமாணி என்பது சமுதாயத்தின் நோயையும் நோய்த் தடுப்பையும் ஆராய்வது. சுகாதார நிர்வாக முதுமாணியோ வைத்தியசாலையின் நிதி, ஆளணி, சட்டம், தரம், தகவல் ஆகியவற்றை ஆளக் கற்பிப்பது. இரண்டையும் ஒன்றென மயங்கி விண்ணப்பிப்போர் பலர். அடுத்து, தரச்சான்று பெற்ற படிப்போ என்று பார்த்தல் வேண்டும். பின்னர் பட்டச் சான்றுகளின் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, சிபாரிசுக் கடிதங்கள், தன்னோக்கக் கட்டுரை என ஒவ்வொன்றாய்த் திரட்டல் வேண்டும். எம் காலத்தில் ஜீ.ஆர்.ஈ. என்னும் தேர்வுக்கும் அஞ்சினோம். அதன் கணிதப் பகுதியும் மொழிப் பகுதியும் தனித்தனியே 130 முதல் 170 வரை புள்ளி உடையன. 2020 இன் பின் பல பல்கலைக்கழகங்கள் அத்தேர்வைக் கட்டாயமன்று எனத் தளர்த்தியுள்ளன. இவையெல்லாம் உழைப்பால் முடிவன. எம்மை வீழ்த்தியது தன்னோக்கக் கட்டுரையே.

2016 இல் நாம் எழுதிய கட்டுரையின் முகப்பில், திருக்குறளின் மருந்து அதிகாரத்திலிருந்து இரு குறள்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தோம். பின்னர் சேவை, மனிதநேயம், தாய்நாடு ஆகியன வரிசையாய் வந்தன. “எமது வைத்தியசாலை பல சீர்திருத்தங்களைக் கண்டது” என்று முடித்தோம். ஆறு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினோம், ஆறும் மறுத்தன.

மனமுடைந்து, எமக்கு ஆங்கிலம் கற்பித்த இக்கல்லூரியின் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் அதனைக் கொண்டுசென்றோம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இருமுறை வாசித்தார். “இதில் வள்ளுவர் இருக்கிறார், வைத்தியசாலை இருக்கிறது. நீர் எங்கே இருக்கிறீர், தம்பி?” என்றார். நாம் விடையின்றி நின்றோம்.

அன்றிரவு எம் நினைவுக்கு வந்தவர் ஒரு முதிய தாயார். நீரிழிவுக் கிளினிக்கில் நெரிசலைக் குறைக்கவென்று, காலை ஏழு மணிக்கே இலக்கத் துண்டு வழங்கி முடிக்கும் முறையை வகுத்தவர் நாமே. மேலதிகாரிகளும் அதனைப் பாராட்டினர். ஆனால் தொலைக் கிராமங்களிலிருந்து வரும் முதற் பேருந்து ஏழரை மணிக்குத்தான் வந்தது. அத்தாயார் இரு கிளினிக் நாட்களில் இலக்கமின்றித் திரும்பினார். மூன்றாம் முறை வந்தபோது காற்புண் முற்றியிருந்தது. ஒரு விரலை அகற்ற நேர்ந்தது. விடுதியில் அவரைக் கண்டு வருந்தினோம். “பஸ் பிந்தினதுக்கு நீங்கள் என்ன செய்யிறது, தம்பி?” என்று அவர் எம்மைத் தேற்றினார். பேருந்து பிந்தவில்லை, அது தன் நேரத்துக்கே வந்தது. எம் விதியே அதனை முந்திவிட்டது.

அதன்பின் மூன்று வாரம் வாயிலில் நின்று, யார் எங்கிருந்து எத்தனை மணிக்கு வருகின்றனர் என்று கொப்பியிற் குறித்தோம். தொலைவூரார்க்கு இலக்கங்களை ஒதுக்கி, கிராமவாரியாக நாட்களைப் பிரித்தோம். திரும்பிப் போவோர் தொகை குறைந்தது. இவ்வளவும் நடந்திருந்தும் முதற் கட்டுரையில் ஒரு சொல்லும் எழுதினோமில்லை. பிழையை எழுத நாணினோம்.

மறுமுறை அதனையே எழுதினோம். அடக்கம் கருதி ‘நாம்’ என்று எழுதிப் பழகிய கைக்கு, ‘நான் வகுத்தேன், நான் தவறினேன், நான் திருத்தினேன்’ என்று எழுதுதல் எளிதாய் இருக்கவில்லை. புகழைப் பகிர்தற்கு ‘நாம்’ நல்ல சொல். பிழையை ஏற்றற்கு ‘நான்’ என்பதே வேண்டும் என்று அன்று கற்றோம். ஐந்து இடங்களுக்கு அனுப்பினோம், இரண்டு ஏற்றன. நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் வேறெதனையும் வினவாது, “அக்கொப்பியில் எவ்வாறு கணக்கெடுத்தீர்?” என்று அரைமணி நேரம் துருவினார்.

இரண்டாண்டுப் படிப்பில், வரிசையில் நிற்போரின் காத்திருப்பைக் கணிதத்தால் அளக்கும் பாடமும் இருந்தது. ஏனையோர்க்கு அது சூத்திரம். எமக்கோ ஒவ்வொரு வகுப்பிலும் அத்தாயாரின் கட்டுப்போட்ட பாதமே கண்முன் நின்றது.

இன்று பல மாணவர் எம்மிடம் வந்து, ஒரு மாதிரிக் கட்டுரை தருமாறு கேட்கின்றனர். நாம் தருவதில்லை, எம் பிழை எமக்கே உரியது. நீவிர் பணிசெய்த இடத்தில் உம்மால் யார் காத்திருந்தனர், அதற்கு நீவிர் யாது செய்தீர் என்பதை முதலில் எழுதிக்கொண்டு வருக. உடனிருந்து திருத்தித் தருவோம். எமக்கு அவ்வாறு திருத்தித் தந்த ஆசிரியர் இன்றில்லை. அவரை எமக்களித்த கல்லூரித் தாய் நீடு வாழ்க.