காலுக்கு ஒரு வாளித் தண்ணீர்

கும்பகோணம் என்றால் உங்களுக்கு வெற்றிலை ஞாபகம் வரும். டிகிரி காப்பி ஞாபகம் வரும். இன்னொன்றும் ஞாபகம் வரும். நாலு பேர் நடுவில் அதைச் சொல்லமாட்டீர்கள். அந்தப் பக்கம் பெண் பார்க்கப் போனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் புடவைக் கரைக்குக் கீழே பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்லுவார்கள். வேடிக்கை, சொன்னவர்களுக்குத்தான்!

யானைக்கால் வியாதியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். முகத்தைச் சுளிக்காமல் கொஞ்சம் கேளுங்கள், சகோதரிகளே.

கும்பகோணத்திலிருக்கும் என் பெரியம்மாவுக்கு இடது கால் முப்பது வருஷமாக வீங்கியிருக்கிறது. வலிக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வலியை விட, கனம்தான் பெரிய சங்கடம். காலையில் சுமாராக இருக்கும் கால், அடுப்பு முன் நின்று நின்று சாயங்காலத்துக்குள் கல்லாகிவிடும். மெட்டியை என்றோ வெட்டி எடுத்தாயிற்று. பஸ் படி உயரம். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். மடக்கி உட்கார முடியாததால் பந்தியில் இடமில்லை. கோலத்துக்குக் குனிய முடியாது. செருப்பு விஷயம் இன்னும் விசேஷம். வலது காலுக்கு ஆறாம் நம்பர், இடது காலுக்கு ஒன்பது. எந்தக் கடைக்காரர் அப்படி விற்பார்? இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தூர எறிய வேண்டும். "எனக்கு நாலு கால் இருந்தால் நஷ்டமே இல்லை" என்பாள் பெரியம்மா.

இது ஏன் வருகிறது என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். வயலுக்கு வாய்க்கால் இருப்பது போல வடிகாலும் உண்டல்லவா? உடம்பில் நிணநீர்க் குழாய்கள்தான் வடிகால். கொசு கொண்டுவந்து விடும் நூல் போன்ற புழு அதற்குள் வருஷக்கணக்கில் குடியிருந்து, வடிகாலைக் கெடுத்துவிடுகிறது. 1877-ல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் டாக்டர் பாட்ரிக் மான்ஸன் இந்தப் புழுவைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலா வரும். நம் ஊர்க் கொசு கடிப்பதும் அப்போதுதான். அதனால்தான் சுகாதார இலாகாக்காரர்கள் ராத்திரி வேளையில் வந்து கதவைத் தட்டி இரத்தம் எடுப்பது. தமிழ்நாட்டில் பல வருஷங்கள் வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். புதிதாக வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் மாத்திரை புழுவைத்தான் கவனிக்கும். தூர்ந்த வடிகாலைத் திறக்காது.

கொசுவே காரணமில்லாமலும் இந்த வீக்கம் வருவதுண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, அக்குளில் உள்ள நிணநீர்ச் சுரப்பிகளை எடுத்துவிடுவதால், கை வீங்கிவிடுகிறது. வளையல் ஏறாது, ரவிக்கைக் கை நுழையாது.

பெரியம்மாவை உண்மையில் படுக்கையில் தள்ளியது காய்ச்சல். நடுக்கிக்கொண்டு வரும், கால் சிவந்து கொதிக்கும், நாலைந்து நாள் எழுந்திருக்க முடியாது. அமாவாசை செய்கிற வேலை என்று அவள் நம்பியிருந்தாள். அமாவாசை பாவம், ஒன்றும் செய்யவில்லை. விரலிடுக்கில் ஈரம் தங்கி, வெடித்து, அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழைகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் பருக்க வைத்துவிட்டுத்தான் போகும்.

இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு வாளித் தண்ணீர், ஸோப்பு, துண்டு. தினமும் காலை மெதுவாகக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, புண் இருந்தால் களிம்பு போட வேண்டும். இரவில் காலுக்கு அடியில் தலையணை. வெறுங்காலோடு நடக்கக்கூடாது. அவ்வளவுதான். இருபது நிமிஷ வேலை.

அந்த இருபது நிமிஷத்துக்கு எங்கே போவது? சுகாதார நர்ஸ் வந்து கற்றுக் கொடுத்து, வாளியும் குவளையும் துண்டும் தந்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் துண்டு பெரியப்பாவின் தோளில் இருந்தது. குவளை சமையலறைக்குப் போயிற்று. எல்லோரும் குளித்து, சாப்பிட்டு, வெளியே கிளம்பிய பிறகு, பதினொரு மணிக்குப் பெரியம்மா காலில் இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு அடுப்படிக்கு வருவாள். வீட்டில் யாரும் கெட்டவர்களல்ல. அம்மாவின் கால் யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மாற்றியவள் மருமகள். "அத்தை, ஏழரையிலிருந்து எட்டு மணி வரை குளிக்கிற அறை உங்களுடையது. யாராவது கதவைத் தட்டினால் அன்று காப்பி கிடையாது" என்று சட்டம் போட்டாள். காப்பி என்றதும் வீடு அடங்கிவிட்டது. வருஷத்தில் நாலைந்து தடவை வந்த காய்ச்சல், போன வருஷம் ஒரே தடவைதான் வந்தது. கால் சிறுக்கவில்லை. ஆனால் பெரியம்மா சந்தைக்குப் போகிறாள்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு அவளை அழைத்துப் போனேன். மேஜை போட்ட பந்தி. பக்கத்தில் உட்கார வந்த ஓர் அம்மாள் காலைப் பார்த்தாள். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. பெரியம்மாவோ சாவதானமாக இலையில் தண்ணீர் தெளித்தபடி, "பயப்படாமல் உட்காருங்கள். தொட்டால் ஒட்டாது. கொசு கடித்தால்தான் உண்டு. உங்கள் வீட்டுச் சாக்கடையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பாயசம் வருவதற்குள் தன் நாத்தனாரின் காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.