கிரனடாவில் மூன்று இரவுகள்



ஸ்பெயின் நாட்டுக் கிரனடா என்றதும் உங்கள் உள்ளத்தில் முதலில் எழுவது எது? அல்ஹம்ரா மாளிகை. அடுத்து, நகரை ஒப்படைத்துவிட்டு வெளியேறிய கடைசி மன்னர். இவ்விரண்டையும் சொல்லிச் சொல்லியே நம் இல்லங்களில் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். நானும் அந்தப் பெருமையையும் பெருமூச்சையும் சுமந்துகொண்டுதான் அந்நகருக்குச் சென்றேன். அங்கே என்னை நெகிழ வைத்ததோ, மாளிகை அன்று, ஒரு தலையணை! வியப்பாக இருக்கிறதா? சொல்கிறேன்.

முதுகில் ஒரு பை

கூட்டாகப் பயணம் செல்வோர் தம்முள் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கல்லவா? எங்கள் பயணத்தின் அமீர், கல்லூரியில் பயிலும் என் மகன். “வாப்பா, ஓட்டலில் தங்கினால் இரண்டே நாளில் கைப்பணம் தீர்ந்துவிடும். முதுகுப் பையுடன் ஊர் சுற்றுவோர் தங்கும் விடுதிக்குப் போவோம். அங்கே அறைக்கு வாடகையில்லை, கட்டிலுக்குத்தான் வாடகை” என்றான். ஐம்பதைக் கடந்த எனக்குத் தயக்கம்தான். ஆயினும் அமீரின் சொல்லை மீறலாமா?

பழைய அரபு நுழைவாயிலான எல்விரா வாயிலைக் கடந்து, அல்பைசின் என்னும் குன்றுப் பகுதியில் ஏறினோம். முஸ்லிம்கள் வாழ்ந்த காலத்துத் தெரு அமைப்பு இன்றும் அப்படியே இருப்பதால், 1994ஆம் ஆண்டு இப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், வெள்ளையடித்த சுவர்கள், சுவருக்குப் பின்னே மாதுளையும் திராட்சைக் கொடியும். நம் காயல்பட்டினத்துச் சந்துகளில் நடப்பது போன்றே இருந்தது.

விடுதியில் எட்டுப் பேர் உறங்கும் அறை, அடுக்குக் கட்டில்கள். பணியாளரான இளைஞர் விரிப்பைத் தந்தார். பிறகு தலையணையை நீட்டி, “அல்மொஹாதா” என்றார். நான் திடுக்கிட்டேன்! வளைகுடாவில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய என் காதில் அது ‘அல்மிகத்தா’ என்றே விழுந்தது. ஆம், தலையணைக்கு அரபியர் வழங்கும் அதே சொல்.

அன்று முதல் காதைத் தீட்டிக்கொண்டேன். சர்க்கரை அங்கே ‘அஸூக்கார்’. அது அரபியின் ‘அஸ்ஸுக்கர்’. எண்ணெய் ‘அஸெய்த்தே’, அது ‘அஸ்ஸைத்’. நீர்க்கால்வாய் ‘அஸெக்கியா’, அது ‘அஸ்ஸாக்கியா’. விரும்பியது நடக்கட்டும் என்று வாழ்த்தும்போது ‘ஒஹலா’ என்கின்றனர். அல்லாஹ் நாடினால் என்னும் அரபுத் தொடரின் தேய்ந்த வடிவமே அது!

எழுதித் தந்த வாக்கு

மறுநாள் பிப்ரம்ப்லா சதுக்கத்திற்குச் சென்றோம். பூக்கடைகளும் சிற்றுண்டிக் கடைகளுமாகக் கலகலப்பான இடம். அங்கே ஒரு பலகையில் அமர்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்தபடி மகனுக்கு அவ்விடத்தின் வரலாற்றைச் சொன்னேன்.

1491 நவம்பரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. 1492 ஜனவரி 2இல் நகரம் ஃபெர்டினாண்ட், இஸபெல்லா ஆகியோர் வசமாயிற்று. முஸ்லிம்களின் மார்க்கத்திற்கும் பள்ளிவாசல்களுக்கும் உடைமைகளுக்கும் பாதுகாப்பு உண்டு என அவ்வுடன்படிக்கையில் உறுதி தரப்பட்டிருந்தது. பத்தாண்டுகூட அவ்வாக்கு நிலைக்கவில்லை. 1499இல் வந்த பேராயர் சிஸ்னரோஸ் கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். அரபு நூல்கள் இதே சதுக்கத்தில் தீயிடப்பட்டன. 1502இல், மதம் மாறு அல்லது வெளியேறு என்ற ஆணை பிறந்தது. 1567இல் அரபு மொழியும் உடையும், ஹம்மாம் என்னும் குளியலகங்களும் தடை செய்யப்பட்டன. இறுதியில் 1609 முதல் 1614 வரை, மதம் மாறியோரின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஸ்பெயின் முழுவதிலுமிருந்து நாடு கடத்தப்பட்டனர்.

கேட்டுக்கொண்டிருந்த மகன் ஒரு வினா எழுப்பினான். “நூலை எரித்தார்கள், மொழியைத் தடுத்தார்கள், பேசியவர்களையும் அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் அந்தத் தலையணை மட்டும் எப்படி மிஞ்சியது, வாப்பா?”

எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

அன்றே ஒரு முசாஃபிர்கானா

அவ்விடை பிற்பகலில், ‘கரிக்கொட்டில்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட பழைய கட்டடமொன்றில் கிடைக்கத் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியூர் வணிகர்களுக்காகக் கட்டப்பட்ட ஃபுந்துக் அது. நம் வழக்கில் முசாஃபிர்கானா. கீழ்த்தளத்தில் சரக்கறைகள், மேலே தங்கும் அறைகள், நடுமுற்றத்தில் தண்ணீர்த் தொட்டி. பிற்காலத்தில் கரி வணிகர்கள் பயன்படுத்தியதால் இப்பெயர் நிலைத்தது. நாங்கள் தங்கிய விடுதிக்கு இதைவிட மூத்த உறவு வேறென்ன வேண்டும்?

1350 வாக்கில் இந்நகருக்கு இப்னு பதூதா வந்தார். 1340களில் நம் மஅபர் கரைக்கு வந்து, மதுரைச் சுல்தானின் விருந்தினராய் இருந்தவரும் அவரே. தங்கள் நாட்டை ஒத்திருப்பதால் கிரனடாவிலேயே தங்கிவிட்ட பக்கீர்களை அவர் குறிப்பிடுகிறார். சமர்கந்து, தப்ரீஸ், கூனியா எனப் பல ஊரார். அவர்களுள் இருவர் இந்தியர்! பெயர் தெரியாத அந்த இருவரையும் நினைத்தபடி முற்றத்தில் வெகுநேரம் நின்றேன்.

அல்பைசினில் மற்றொன்றும் கண்டோம். பள்ளிவாசல்களையொட்டி மக்களுக்காகக் கட்டப்பட்ட நிலத்தடி நீர்த்தொட்டிகளில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்னும் எஞ்சியுள்ளன. பள்ளிவாசல்கள் தேவாலயங்களாயின, தொட்டிகளில் தண்ணீர் எடுப்பதை மட்டும் எவரும் நிறுத்தவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அவற்றின் நீரையே அப்பகுதியினர் பருகினர்.

“மகனே, உன் கேள்விக்கு விடை இதுதான்” என்றேன். “தலையணையும் சர்க்கரையும் எண்ணெயும் அண்டை வீட்டுக்குப் போன பொருள்கள். கொடுத்தவரைத் துரத்தலாம். வாங்கியவரின் நாவிலிருந்து பெயரைப் பிடுங்க எந்தச் சட்டத்தால் முடியும்?” நாம் நாள்தோறும் வழங்கும் வக்கீல், வசூல், பாக்கி, அல்வா முதலிய சொற்களும் அரபியிலிருந்து வந்தவையல்லவா?

மாளிகையும் அடுப்பும்

அல்ஹம்ராவையும் கண்டோம். 1238இல் முதலாம் முஹம்மது தொடங்கிய கோட்டை அது. பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் நீரூற்றின் அழகைச் சொல்ல என்னிடம் சொல்லில்லை. ‘அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவருமில்லை’ என்ற வாசகத்தை ஆட்சியாளர்கள் சுவர்தோறும் பொறித்து வைத்தனர். அதைப் படித்தபோது, இழந்ததை எண்ணி அழ வந்த என் மனம் அடங்கிப் போயிற்று.

விடுதியின் பொது அடுக்களையிலோ வேறொரு பாடம். பன்றி இறைச்சி பொரித்த சட்டிகள் அங்கிருந்ததால், ஊரிலிருந்து கொண்டுபோன சிறு பாத்திரத்தில் சோறும் முட்டைக் குழம்பும் சமைத்தோம். மணத்தில் ஈர்க்கப்பட்டு எட்டிப் பார்த்த அறைத் தோழர்கள் இருவருக்கும் பகிர்ந்தளித்தோம். மறுநாள் விடியலில், பிறர் உறக்கம் கலையாதபடி இருளில் தொழ இடம் தேடினேன். அவர்களுள் ஒருவர் எழுந்து, தரையில் கிடந்த தம் பையை ஓசையின்றி நகர்த்தி இடம் விட்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நீங்களும் செல்ல எண்ணினால் சில குறிப்புகள்: அல்ஹம்ராவுக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்புண்டு; முன்னதாகவே சீட்டு வாங்கிவிடுங்கள். நஸ்ரி அரண்மனைக்குச் சீட்டில் குறித்த நேரத்தில் நுழைய வேண்டும், பாஸ்போர்ட்டை மறவாதீர்கள். குடும்பத்துடன் செல்வோர் விடுதியில் தனியறை உண்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பூட்டும் பாத்திரமும் கையோடு இருக்கட்டும். தொழுகைக்கு, இருபதாண்டுகளுக்கும் மேலான முயற்சிக்குப் பின் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் குன்றின் உச்சியில் உள்ளது. அதன் தோட்டத்தில் நின்றால் எதிரே அல்ஹம்ரா தெரியும்.

நான்காம் நாள் காலை, விரிப்பையும் தலையணையையும் திருப்பிக் கொடுத்தேன். “அல்மொஹாதா” என்றேன். இளைஞர் சிரித்தார். “மீண்டும் வருவீர்களா? ஒஹலா!” என்றார்.

“இன்ஷா அல்லாஹ்” என்றேன். இருவரும் ஒரே பொருளைத்தான் சொன்னோம் என்பதை அவர் அறிந்திருந்தாரோ, இல்லையோ!