கிராணி எழுதிய பெயர்கள்

மின்னாவணக் களஞ்சியம் என்றால் ஸ்கேன் செய்வதுதான் பெரிய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்கேனர் தன் வேலையைச் செய்துவிடும். அதன் பிறகு திரையில் வரும் சின்னச் சின்னப் பெட்டிகளை நிரப்புவதில்தான் ராத்திரி போகிறது.

பகலில் ஈப்போவில் பொறியாளர் வேலை. இரவில் நண்பர்கள் மூவரோடு, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டக் குடும்பங்கள் பத்திரப்படுத்திய காகிதங்களைச் சேர்க்கிறேன். சிவப்பு அடையாள அட்டை, கல்யாணப் பத்திரிகை, சங்கச் சந்தா ரசீது. தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. இலங்கையில் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து தன்னார்வலர்களின் உழைப்பில் இப்படிச் சேர்த்து வருகிறது. அதைப் பார்த்து வந்த துணிச்சல்தான் எங்களுக்கும்.

நாங்கள் பயன்படுத்துவது டிஸ்பேஸ். எம்ஐடி நூலகமும் எச்பி நிறுவனமும் 2002இல் வெளியிட்ட இலவச மென்பொருள். பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளை வைப்பது இதில்தான். தலைப்பு, ஆக்கியவர், தேதி, பொருள் என்று வரிசையாகக் கேட்கும். ஆய்வேட்டுக்குப் பதில் சுலபம். செக்ரோலுக்கு?

ஒரு தோட்ட அலுவலகத்தை மூடியபோது குப்பைக்குப் போன அறுபதுகளின் செக்ரோலை, பால்வெட்டுக்காரர் ஒருவர் எடுத்து வைத்திருந்தார். யார் எத்தனை நாள் பிரட்டுக்கு வந்தார், என்ன சம்பளம், அரிசிக்கும் முன்பணத்துக்கும் எவ்வளவு பிடித்தம் எல்லாம் அதில் உண்டு. எழுதியவர் கிராணி. 'ஆக்கியவர்' பெட்டியில் அவரைப் போடுவதுதான் முறை. ஆனால், கிராணியைத் தேடி யார் வரப்போகிறார்கள்? பாட்டியைத் தேடித்தான் வருவார்கள். ஆகவே தொழிலாளர் ஒவ்வொருவர் பெயரையும் 'பொருள்' பெட்டியில் ஏற்றினோம்.

கிராணி ஆங்கிலத்தில் எழுதியவர். முனியம்மாவுக்கு ஒரு மாதம் ஒரு 'எம்', மறுமாதம் இரண்டு, பிறகு கடைசியில் ஒரு 'எச்'. கணினிக்கு அவர்கள் மூன்று பெண்கள். கிராணியின் எழுத்தை நாங்கள் திருத்தவில்லை, அதுவும் ஆவணம்தான். ஒரே ஆள்தானா என்று குடும்பத்தாரிடம் கேட்டு, தமிழில் ஒரே வடிவத்தைச் சேர்க்கிறோம்.

1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. கிடைக்காமல் கப்பலேறியவர்கள் ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டில் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்கள் தேடும்போது அந்தப் பெயராவது அகப்பட வேண்டும்.

பக்கத்தை வெளியிடும் முன் இரண்டு வீடுகளுக்குப் போனோம். "அப்பா வாங்குன கடனெல்லாம் ஊரு பாக்கணுமா தம்பி? வேணாம்," என்றார் ஒரு மாமா. அதே பக்கத்தில், நான்கு வரி கீழே பெயர் உள்ள பாட்டி சொன்னார்: "போடுய்யா. எவ்ளோ வெட்டுனோம், எவ்ளோ குடுத்தாங்க, எல்லாரும் பாக்கட்டும்."

எனக்குப் பாட்டியின் பேச்சுதான் நியாயமாகப் பட்டது. அந்தக் கடன் மாமாவின் அப்பாவுக்கு அவமானமே இல்லை, கூலியின் கணக்கு அது. ஆனால் அதை அவர் சார்பில் நான் முடிவு செய்ய முடியாது. டிஸ்பேஸில் விவரங்களைத் திறந்து வைத்துவிட்டு, படத்தை மட்டும் பூட்டலாம். அப்படியே செய்தோம். பெயர்கள் தேடலில் வரும், பக்கம் திறக்காது. பாட்டியின் வரியை மட்டும் தனியாக வெட்டி, தனிக் கோப்பாக ஏற்றியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் பழைய படம் இருந்தால் ஸ்கேனருக்காகக் காத்திருக்க வேண்டாம். பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதிவிடுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.