புதிய வாய்க்கால்

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் அமைந்த ஊர் பாலசமுத்திரம். பாலாறு பொருந்தலாறு அணை அதற்கு அணித்தே உள்ளது. அவ்வூர் உழவர்க்கு வாய்க்காலின் இயல்பு நன்கு தெரியும். ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனால் அவர் வாளா இரார்; பக்கத்தில் வேறு வழி வெட்டி நீரைக் கொணர்வர். புது வழி கோணலானது. நீரும் மெல்லவே வரும். ஆயினும் பயிர் பிழைக்கும்.

தலையில் பலத்த அடிபட்டவரின் அறிவைத் தேற்றும் பயிற்சியும் ஏறக்குறைய இத்தகையதே. அவ்வூரினின்று இருசக்கர வண்டியில் பழனிக்குச் சென்ற ஒருவர், தலைக்கவசமின்றி வழியில் விழுந்தார் எனக் கொள்க. காயம் ஆறிற்று, நடக்கிறார், உண்கிறார். சுற்றத்தார் மகிழ்கின்றனர். ஆனால் காலையில் கேட்டதை நண்பகலில் மறக்கிறார். சில்லறையை எண்ணத் தொடங்கி இடையில் மயங்குகிறார். சிறு சொல்லுக்கும் சினக்கிறார். அதனைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் கூறுவார் உளர். அக்கூற்று அடியினும் கொடிது.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தார் இத்தகையோர் வீட்டிலிருந்தே செய்யத்தக்க பயிற்சிகளை வகுத்துள்ளனர். கலந்து வைத்த தானியங்களை வகைவகையாகப் பிரித்தல் அவற்றுள் ஒன்று. முறத்தில் அரிசியிட்டுக் கல் பொறுக்கும் பாட்டிமார் இதனைக் கேட்டால் நகைப்பர்! எளிய வேலைதான், ஆயினும் சிதறும் கவனத்தை ஒருமுகப்படுத்த அஃது உதவுகிறது. நாள்தோறும், பல வாரங்கள் விடாது செய்தல் வேண்டும். நினைவு திரும்பாதவிடத்துக் குறிப்பேடும் கைப்பேசி மணியும் துணை நிற்கும்.

இம்முயற்சியின் அருமையை, ருசிய நாட்டுப் போர்வீரர் சாசெத்ஸ்கியின் வரலாற்றில் காணலாம். 1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குண்டொன்று அவர் தலையின் இடப்புறத்தில் பாய்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 23. படிக்கவும் எழுதவும் மறந்தார். எழுத்துகளை மீண்டும் ஒவ்வொன்றாகக் கற்க முயன்று பெரிதும் வருந்தினார். ஒருநாள் மருத்துவர் ஒருவர், எழுத்தின் வடிவை எண்ணாமல், கையைத் தூக்காமல் எழுதிப் பார்க்குமாறு கூறினார். அவரும் ‘இரத்தம்’ என்னும் பொருள் தரும் சொல்லைத் தம் மொழியில் எழுதிவிட்டார். கண் மறந்ததைக் கை மறக்கவில்லை! தூர்ந்த வழியை விடுத்து, நீர் வேறு வழியே வந்துவிட்டது.

பின்னர் 25 ஆண்டுகள் முயன்று, ஏறத்தாழ 3,000 பக்கங்களில் தம் வரலாற்றை எழுதினார். அவரைப் பல்லாண்டு கவனித்து வந்த அறிஞர் உலூரியா, அக்குறிப்புகளைக் கொண்டு 1971இல் நூலொன்று வெளியிட்டார். எழுதக் கற்ற அவ்வீரரோ, தாம் எழுதிய வரிகளைத் தாமே படிக்கும்பொழுது மட்டும் எழுத்தெழுத்தாகத் தடுமாறினார். மறுநாளும் எழுத அமர்ந்தார்.