இரத்தம் சொல்லாதது

சதையியில் அழற்சி என்று டொக்டர் சொன்ன அன்றே ஊரில் ஒரு கேள்வி எழும்பிவிட்டது. என் மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், ஒளித்துக் குடிக்கிறாரா? ஐந்து வக்தும் முதல் ஸஃப்பில் நிற்கிற மனிதர். எல்லா நோயாளியிடமும் கேட்பதைப் போலத்தான் டொக்டர் "குடிப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த கட்டிலில் எங்களூர்க்காரர் ஒருவர் படுத்திருந்தார். மச்சானின் பதில் ஊர் வந்து சேரவில்லை. கேள்வி மட்டும் வந்து சேர்ந்தது.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைக்கிற வலி. கூடவே வாந்தி. எங்களூரில் வயிற்றுவலிக்கு ஒரே பெயர்தான், கெஸ்ட்ரைடிஸ். உள்ளிக் கசாயம், கடைக் குளிசை என்று நாட்கள் போய், நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரி.

சதையி, நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிற உறுப்பு. தமிழக நூல்களில் கணையம் என்பார்கள். மாப்பொருளை உடைக்கும் அமிலேசையும் கொழுப்பை உடைக்கும் இலிப்பேசையும் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் வேலை. அழற்சி கண்டால் அந்த நொதியங்கள் இரத்தத்தில் கசிந்து ஏறும். பரிசோதனை பிடிப்பது இந்தக் கசிவைத்தான். 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறை மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: நோய்க்கே உரிய வலி, இயல்பான மேல் எல்லையைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாத நொதியம், ஸ்கேனில் தெரியும் மாற்றம். இவற்றில் இரண்டு இருந்தால் போதும்.

மச்சானின் அமிலேசு சற்றுத்தான் கூடியிருந்தது. இளம் டொக்டர் அதோடு விடவில்லை. அமிலேசு சில மணித்தியாலங்களில் ஏறி, 3 முதல் 5 நாட்களில் இறங்கிவிடுமாம். உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருவதால் கூகைக்கட்டிலும் கூடும். இலிப்பேசு அப்படியல்ல, 8 முதல் 14 நாட்கள்வரை இறங்காமல் நிற்கும். இரத்தத்தை வெளியே ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு ஓடினேன். ஆறு மடங்கு இருந்தது.

"ஆறு மடங்கெண்டா ஆறு மடங்கு ஆபத்தா தம்பி?" என்று ராத்தா அழுதாள். இல்லை. நோயின் கடுமையை அந்த எண் அளப்பதில்லை. அதற்கு யூரியா, சீ.ஆர்.பி., மூச்சு, சிறுநீரின் அளவு என்று வேறு கணக்குகள். அழற்சி ஏன் வந்தது என்பதையும் அது சொல்லாது. குடித்தவனின் இலிப்பேசும் குடிக்காதவனின் இலிப்பேசும் தாளில் ஒன்றுதான். குடித்திருந்தால் மட்டும் வலி குறைவாகவா இருந்திருக்கும்? அந்தக் கேள்வியை டொக்டர்கள் காதோடு கேட்டால் நல்லது. உண்மையில் குடிக்கிறவன் நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளவா போகிறான்!

காரணத்தைத் தேடியது வேறு பரிசோதனைகள். டிரைகிளிசரைட் 1000 மில்லிகிராமைத் தாண்டினாலும் சதையி வீங்கும். மச்சானுக்கு அது இல்லை. ஈரலின் ஏ.எல்.டி. 150ஐத் தாண்டியிருந்தது. அப்படியென்றால் பித்தக்கல்லைச் சந்தேகிக்க வேண்டுமாம். ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. பிறகு பித்தப்பையை அகற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், சுகம்.

சுகம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேநீருக்கு முன்னால் ராத்தா ஸ்கேன் அறிக்கையை நீட்டுவாள். ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழில் சொல்வது என் பொறுப்பு. ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப, அந்தக் கல்லு எதனால வாறது மாஸ்டர்?"