கரை காக்கும் கருணை

சோழ நாட்டு உழவருக்குக் கரையின் அருமை தெரியும். அடைமழைக் காலத்தில் வாய்க்கால் கரையில் ஒரு நண்டு வளை போதும். விடிவதற்குள் அது உடைப்பாகி, நடவு வயலை மூழ்கடித்துவிடும். வைகைக் கரையின் உடைப்பை அடைக்க, வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே பிட்டுக்கு மண் சுமந்தார் என்கிறது திருவிளையாடற் புராணம்.

மனித உடலிலும் ஆறுகள் ஓடுகின்றன. தமனிகளே அவை. இருதய அடைப்பை அறிய ஆஞ்சியோகிராம், நீக்க ஆஞ்சியோபிளாஸ்டி என்பன இன்று தஞ்சைத் தரணியின் இல்லந்தோறும் அறிந்த சொற்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியைத் துளைத்து, 'கதீட்டர்' எனும் மெல்லிய குழாயைச் செலுத்துவர். 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இருதயத் தமனியின் அடைப்பைப் பலூனால் முதன்முதலில் விரித்தார். 1986-இல் இந்தியாவில் அதற்கு வழிகாட்டிய முன்னோடி டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல்.

உயிர் காக்கும் இந்த வழியிலும் அரிதாகக் கரை உடைவதுண்டு. தமனியின் உட்சுவர் கிழியலாம். சுவரே துளைபட்டுக் குருதி கசியலாம். தொடையில் துளையிட்ட இடம் சரியாக மூடாமல், துடிக்கும் கட்டியாக வீங்கலாம். முதுமையும், தமனியில் படிந்த சுண்ணாம்பும், குருதி உறையாதிருக்கத் தரும் மருந்துகளும் இவ்வாபத்தைக் கூட்டும். மணிக்கட்டு வழியில் குருதிக்கசிவு குறைவு என்பதால் மருத்துவர் பலரும் இன்று அதையே விரும்புகின்றனர்.

முன்பு இத்தகைய காயத்துக்கு அறுவையே வழி. இன்றோ பல காயங்களை உள்ளிருந்தே அடைக்க இயலும். மணல் மூட்டையிட்டு வெள்ளத்தைத் தடுப்பதுபோல, முதலில் பலூனை விரித்துக் கசிவை நிறுத்துவர். பின்னர் மெல்லிய உறை போர்த்திய ஸ்டென்ட்டை அவ்விடத்தில் பொருத்துவர். உறை துளையை மூடும். குருதி தன் வழியே ஓடும். 1990-இல் அர்ஜென்டினாவில் குவான் பரோடி, வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கத்தை இவ்வகையில் சரிசெய்து புதுவழி திறந்தார். எனினும் இடுப்பு மடியும் இடத்தில் ஸ்டென்ட் நசுங்கக்கூடும்; அங்கு மருந்தூசியோ அறுவையோ தேவைப்படலாம்.

வீடு திரும்பிய பின் கரை காப்பது குடும்பத்தின் கடமை. தொடையில் வீக்கம், முதுகிலோ அடிவயிற்றிலோ கடும் வலி, தலைசுற்றல், கால் குளிர்ந்து மரத்தல் ஆகியவை தோன்றினால் எண்ணெய் தேய்த்தும் ஒத்தடம் கொடுத்தும் காலம் கடத்தலாகாது; உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நேர்த்திக்கடனென்று மறுநாளே படியேறுவதும், அங்கப் பிரதட்சிணம் செய்வதும் வேண்டா. ஏகாதசி விரதமாயினும், மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தலாகாது.

புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதப் பெருமானாக அமர்ந்திருப்பவன், மருத்துவரின் கைவழியாகவும் அருள்கிறான். உடல் தேறிய பின் அவன் சந்நிதிக்குச் செல்லலாம். அதுவரை காத்திருப்பதும் வழிபாடே.